அழைத்தோம், எடுக்கவில்லை

ஆங்கிலத்தில் சில சொற்கள் இரண்டிரண்டாகச் சேர்ந்துதான் வெளியே கிளம்பும். தனித்தனியாகப் பார்த்தால் பரம சாது. சேர்ந்துவிட்டால் என்ன செய்யும் என்று யாராலும் சொல்ல முடியாது. 'ஃபாலோ' என்பதும் 'அப்' என்பதும் அப்படிப்பட்ட ஜோடி. அந்த மருத்துவமனை இந்த ஜோடிக்காக ஒரு முழு மாடியையே ஒதுக்கியிருந்தது. பிரசவ வார்டுக்குக்கூடப் பாதி மாடிதான்.

படியேறியதும் கண்ணாடிக் கதவு. கதவுக்கு மேலே 'ஃபாலோ அப் துறை' என்று ஆளுயரத்துக்கு எழுத்துகள். உள்ளே சுவரில் ஒரு வாசகம்: 'நோயாளி நம்மை விட்டுப் போகலாம், நாம் நோயாளியை விடுவதில்லை.' எழுதியவர் நல்ல எண்ணத்தில்தான் எழுதியிருப்பார். படிக்கிறவர்கள்தான் ஒரு தடவை பின்னால் திரும்பிப் பார்த்துக்கொள்வார்கள்.

இது அந்த வாசகத்தை எழுத்துக்கு எழுத்து அனுபவித்த ஒரு மனிதரின் கதை. அவர் பெயிண்ட் கடையில் வண்ணம் கலப்பவர். வாடிக்கையாளர் அட்டையில் ஒரு கட்டத்தைத் தொட்டுக் காட்டுவார். இவர் வெள்ளை டப்பாவில் சாயங்களைச் சொட்டுச் சொட்டாக விட்டு, மூடியை இறுக்கி, குலுக்குகிற இயந்திரத்தில் ஏற்றுவார். அந்த இயந்திரம் ஓடும்போது பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. போன் அடித்தால் எங்கே கேட்கும்? "அப்பாவுக்குப் போன் பண்றதும் சுவத்துக்குப் போன் பண்றதும் ஒண்ணுதான்" என்று அவருடைய மகள், கல்யாணமாகி வேறு ஊருக்குப் போன நாளிலிருந்து குறைபட்டுக்கொண்டிருந்தாள். அதனால் பகலில் கூப்பிடுவதையே விட்டுவிட்டாள். சாயங்காலம் அவர் வீடு திரும்பிய பிறகுதான் கூப்பிடுவாள். இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதுவே அந்த மனிதரின் கழுத்தைப் பிடிக்கப் போகிறது.

அவர் மனைவிக்குக் கழுத்தில் ஒரு சின்னக் கட்டி வந்தது. மகளிடம் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம், சும்மா பயந்துகொள்வாள் என்று இருவரும் முடிவு செய்துகொண்டு மருத்துவமனைக்குப் போனார்கள். ஊசி குத்திக் கட்டியிலிருந்து கொஞ்சம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். கவுண்டரில் இருந்த பெண் சிரித்த முகமாகச் சொன்னாள்:

"ரிப்போர்ட் வந்ததும் நாங்களே ஃபாலோ அப் பண்ணுவோம் மேடம். நீங்க ஒண்ணுத்துக்கும் அலைய வேண்டாம்."

"அப்படின்னா என்னம்மா?" என்று கேட்டாள் மனைவி.

"நாங்களே உங்களைக் கூப்பிடுவோம்னு அர்த்தம்."

அந்த அர்த்தத்தை மனைவி அப்படியே நம்பினாள். இதற்கு மேல் தெளிவாக ஓர் அர்த்தத்தை எந்த அகராதியும் சொல்லிவிட முடியாது. அவளுடைய போன் சில நாள் முன்னால்தான் தண்ணீர் வாளிக்குள் விழுந்து உயிரை விட்டிருந்தது. ஆகவே கணவருடைய எண்ணைக் கொடுத்தார்கள்.

மறுநாள் காலை அவர் போனைச் சட்டைப்பையில் போடப் போனார். அவள் கையை நீட்டினாள்.

"அதை இப்படிக் கொடுங்க. உங்க மெஷின் சத்தத்துல உங்களுக்கு என்ன கேக்கப்போகுது? நானே வச்சுக்கறேன்."

அன்றிலிருந்து அவர் வெறும் பையோடு கடைக்குப் போனார். அவள் கூடத்தில் பிளக் பாயின்ட் இருக்கும் சுவரோரமாக ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். காய்கறி நறுக்குவது அங்கே, துணி மடிப்பது அங்கே, சாப்பிடுவதும் அங்கேயேதான். சார்ஜ் நிறைய இருக்கும்போதே மறுபடியும் சார்ஜில் போடுவாள். கடன் வேண்டுமா என்று கேட்டு எவனாவது கூப்பிட்டால், "வேண்டாம்ப்பா, சீக்கிரம் வை, ஆஸ்பத்திரிலேர்ந்து லைன் வரும்" என்பாள். அவனும் பாவம், "சரிங்க மேடம், உடம்பைப் பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு வைப்பான். அந்த நாட்களில் அவள் உடம்பைப் பற்றி அந்த போனில் அக்கறையாகப் பேசியவன் அவன் ஒருவன்தான்.

ஒரு வாரம் போயிற்று. இன்னொரு வாரமும் போயிற்று.

"நான் வேணா நேர்ல போய்க் கேட்டுட்டு வரட்டுமா?" என்றார் அவர்.

"அவங்கதான் கூப்பிடறேன்னு சொல்லிருக்காங்களே. நாம போய் நின்னா, அவங்க வார்த்தையை நம்பலைன்னு நினைச்சுப்பாங்க. பாவம், எத்தனை பேரைப் பாக்கணும் அவங்களும்."

அவள் சுபாவம் அது. யாராவது வருகிறேன் என்று சொன்னால் வாசலிலேயே நிற்பாள். வராவிட்டால், அவர்களுக்கு என்ன கஷ்டமோ என்று கவலைப்படுவாள். மருத்துவமனைக்கு என்ன கஷ்டமோ என்றும் கவலைப்பட்டாள்.

தண்ணீர் விழுங்குவதே சிரமமான பிறகுதான் இருவரும் கிளம்பிப் போனார்கள். டாக்டர் ரிப்போர்ட்டைப் பிரித்துப் பார்த்தார். "இது வந்து ரொம்ப நாளாச்சே. அப்பவே வந்திருந்தா நிறைய செஞ்சிருக்கலாம்" என்றார். அதன் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தன. மகள் அடித்துப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தாள். வார்டில், பேச்சு அநேகமாக நின்றுபோன நிலையில், மனைவி கணவரைக் கிட்டே வரச்சொல்லி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "போன் சார்ஜ்ல இருக்கா?"

இருந்தது. அவள்தான் இல்லாமல் போனாள்.

எல்லாம் முடிந்த பிறகு மகள் மருத்துவமனைக்குப் போய், ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்டாள். கவுண்டரில் திரையைத் திருப்பிக் காட்டினார்கள். அம்மாவின் பெயருக்கு நேராக, ரிப்போர்ட் வந்த அதே வாரத்தில், ஒன்றன் கீழ் ஒன்றாக மூன்று தடவை, தேதியோடு, ஒரே வரி இருந்தது: 'அழைத்தோம், எடுக்கவில்லை.'

அவள் வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"எங்கப்பா இருந்தீங்க அன்னைக்கு? மூணு தடவை கூப்பிட்டிருக்காங்க!"

"யாரும் கூப்பிடலம்மா."

"அந்த மெஷின் பக்கத்துல நின்னுக்கிட்டு இருந்தா எப்படிப்பா கேக்கும்? எத்தனை வருஷமா சொல்றேன்!"

"போன் என்கிட்ட இல்லம்மா. அம்மாகிட்டதான் இருந்துச்சு. அவ பக்கத்துலயேதான் உக்காந்திருந்தா."

மகள் அவரைப் பார்த்த பார்வையை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. "போய்ச் சேந்தவங்க மேலயே பழியைப் போடறீங்களா?" என்றாள். மறுநாள் ஊருக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு அவர் ஒவ்வொரு நாளும் சாயங்காலம் அவளைக் கூப்பிட்டார். அழைத்தார், எடுக்கவில்லை. இந்த முறை அது உண்மை.

அந்தப் பழைய போனில் அத்தனை நாளைக்கு முந்தைய அழைப்புகளின் பட்டியல் தங்காது. அவர் பக்கம் சாட்சி சொல்ல உலகத்தில் ஒரே ஒருத்திதான் உண்டு. அவள் சுவரில் படமாக மாட்டப்பட்டிருந்தாள்.

இந்த நிலையில்தான் ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் போன் அடித்தது. மகள்தான் என்று நினைத்து ஓடிப்போய் எடுத்தார்.

"வணக்கம் சார். ஃபாலோ அப் துறையிலேர்ந்து பேசறோம். மேடம் இப்ப எப்படி இருக்காங்க?"

இளம் பெண்ணின் குரல்.

"அவ போயிட்டாம்மா."

"எங்க சார்?"

"இறந்துட்டா. உங்க ஆஸ்பத்திரிலதான்."

தட்டச்சு செய்கிற சத்தம் கேட்டது. பிறகு நின்றது.

"ரொம்ப வருத்தமா இருக்கு சார். ஆனா இங்க மூணுதான் இருக்கு. நல்லா இருக்காங்கன்னா ஒண்ணு, அப்படியே இருக்காங்கன்னா ரெண்டு, முன்னைவிட மோசம்னா மூணு. மூணுன்னு போட்டுக்கட்டுமா?"

"அது மோசம் இல்லம்மா. முடிஞ்சுபோச்சு."

"மூணு போட்டா ஆம்புலன்ஸ் வந்து நிக்கும் சார். உங்களுக்குச் சிரமம். ரெண்டுன்னு போட்டுடறேன். அடுத்த செவ்வாய் கூப்பிடறோம். மேடம் சீக்கிரம் குணமாக வாழ்த்துகள்."

சொன்ன வாக்கைக் காப்பாற்றினார்கள். அடுத்த செவ்வாய் கூப்பிட்டார்கள். அதற்கடுத்த செவ்வாயும் கூப்பிட்டார்கள். உயிரோடு இருந்தவளுக்கு வராத அழைப்பு, இறந்தவளுக்குத் தவறாமல் வந்தது. ஒவ்வொரு முறையும் மனைவி இரண்டாம் எண்ணில் அப்படியே இருந்தாள். அதிலும் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது.

அவர் கடைக்கு அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு மருத்துவமனைக்குப் போனார். இந்த அழைப்புகளை நிறுத்த வேண்டும் என்பதைவிட வேறொன்றுதான் அவருக்கு முக்கியம். துறைத் தலைவரின் முன்னால் நின்று, வரும் வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்ததைச் சொன்னார்:

"அந்த மூணு தடவை கூப்பிட்டோம்னு போட்டிருக்கீங்க இல்லையா, அது தப்புங்க. யாரும் கூப்பிடல. தப்புன்னு ஒரே ஒரு வார்த்தை என் மகள்கிட்ட சொல்லிடுங்க. போதும். வேற எதுவும் எனக்கு வேண்டாம்."

துறைத் தலைவர் நல்ல மனிதர். முதலில் உட்காரச் சொன்னார். காபி வரவழைத்தார். பிறகு ஃபாலோ அப் என்பதன் பொருளை விளக்கத் தொடங்கினார்.

"எல்லாரும் இதை ஒரு வேலைன்னு நினைக்கறாங்க சார். இல்ல. இது ஒரு பண்பாடு. நாங்களும் முன்னாடி அர்த்தம் தெரியாமத்தான் செஞ்சுக்கிட்டிருந்தோம். ரிப்போர்ட் வரும், போனை எடுத்துக் கூப்பிடுவோம், விஷயத்தைச் சொல்லுவோம், வச்சுடுவோம். இப்ப நினைச்சா வெக்கமா இருக்கு. அப்புறம்தான் பெரிய பயிற்சியாளரை வரவழைச்சோம். அவர்தான் கண்ணைத் திறந்தார். 'ஃபாலோ அப் வித்'னு வந்தா ஆளைக் குறிக்கும். 'ஃபாலோ அப் ஆன்'னு வந்தா விஷயத்தைக் குறிக்கும். ரெண்டையும் ஒரே ஆள் பாக்கலாமா? கூடாது. அதனால துறையை ரெண்டாப் பிரிச்சோம். இந்தப் பக்கம் வித் பிரிவு, அந்தப் பக்கம் ஆன் பிரிவு. வித் பிரிவு நோயாளிகளோட பேசும். ஆன் பிரிவு ரிப்போர்ட்டுகளைப் பாத்துக்கும்."

"அப்ப ரிப்போர்ட்டுல இருக்கறதை நோயாளிக்கு யாருங்க சொல்லுவாங்க?"

துறைத் தலைவர் முகம் மலர்ந்தது. "நல்ல கேள்வி. அதை நாங்க ஃபாலோ அப் பண்ணிக்கிட்டிருக்கோம்."

பெயிண்ட்காரர் காபியைக் கீழே வைத்தார். "என் மனைவி விஷயம்..."

"கம்ப்யூட்டர் கூப்பிட்டதாச் சொல்லுது சார். கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா? மனுஷன்தான் சொல்லுவான். அதனாலதான் மனுஷங்களைக் குறைச்சுக்கிட்டே வர்றோம். உங்களுக்குச் சந்தேகம்னா பழைய பதிவைச் சரிபார்க்கலாம். ஆனா அதுக்குக் கோப்பை மூடணும். மூடின கோப்பைத்தான் திறந்து பார்க்க முடியும். திறந்திருக்கற கோப்பை எப்படித் திறக்கறது?"

"சரி, மூடிடுங்க."

"நோயாளி நேர்ல வந்து 'எனக்குத் திருப்தி'ன்னு சொல்லணும்."

"அவ இறந்துட்டாங்க. எப்படி வருவா?"

"உங்களை மாதிரி நிறைய பேர் இதையே சொல்றாங்க" என்றார் துறைத் தலைவர், கொஞ்சம் வருத்தமாக. "இந்தத் துறை ஆரம்பிச்சதிலேர்ந்து எங்க பட்டியல்ல ஒருத்தர்கூட இறந்ததில்ல சார். இறக்கறவங்க எல்லாம் வார்டுலதான் இறக்கறாங்க. அது வேற துறை. பரவால்ல, நடக்க முடியலைன்னா நாங்களே சக்கர நாற்காலி அனுப்பறோம்."

பேச்சுக்குச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டு அவர் வீடு திரும்பினார். இரண்டு நாள் கழித்துச் சக்கர நாற்காலி வந்தது. நீலச் சட்டை போட்ட ஊழியர்கள் இருவர் அதை மாடிப்படியில் தூக்கிக்கொண்டு வந்து மூச்சு வாங்கினார்கள். ஒருவர் பெரிய மீசைக்காரர்.

"பேஷன்ட் எங்க சார்?"

அவர் சுவரைக் காட்டினார். மீசைக்காரர் படத்தைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். மருத்துவமனை அவளுக்குச் செய்த ஒரே மரியாதை அதுதான். அதுவும் விதிப்புத்தகத்தில் இல்லாத மரியாதை.

பிறகு தலையைச் சொறிந்தார். "தப்பா நினைக்காதீங்க சார். காலி வண்டியோட போனா எங்களைக் குடைஞ்சு எடுத்துடுவாங்க. நீங்க கொஞ்சம் உக்காந்து வாங்களேன். இறக்கி விட்டுட்டா எங்க வேலை முடிஞ்சுது."

அவர் யாருக்கும் இல்லை என்று சொல்லிப் பழகாதவர். உட்கார்ந்தார். தெருவில் தெரிந்தவர்கள் பதறிப்போய், "என்னங்க ஆச்சு?" என்றார்கள். "எனக்கு ஒண்ணுமில்லைங்க, அவளுக்காகப் போறேன்" என்றார். கேட்டவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மனைவி போன துக்கத்தில் மனிதருக்குக் கலங்கிவிட்டது என்று அன்றைக்கே தெருவில் பேச்சாகிவிட்டது.

மருத்துவமனையில் வரிசையில் விட்டார்கள். எழுந்து வீட்டுக்குப் போய்விடலாம் என்றுதான் இருந்தார். அப்போது நர்ஸ் அறைக்கு வெளியே தலையை நீட்டி, அவர் மனைவியின் பெயரைச் சத்தமாகச் சொல்லிக் கூப்பிட்டாள்.

அந்தப் பெயரை வெளியாள் ஒருவர் வாய்விட்டுக் கூப்பிட்டு அவர் கேட்டு வெகுகாலமாகியிருந்தது. வீட்டில் அவரே அதைச் சொல்வதில்லை; சொன்னால் பதில் வராது. கண் நிறைந்துவிட்டது. தன்னை அறியாமல் "இதோ" என்றார்.

ரத்த அழுத்தம் பார்த்தார்கள். எடை பார்த்தார்கள். நர்ஸ் பழைய பதிவைப் பார்த்துவிட்டு, "நல்லா வெயிட் ஏறியிருக்கே! அப்பல்லாம் ரொம்ப இளைச்சுப் போயிருந்தீங்க" என்று பாராட்டினாள். நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்ப்பது அவள் பிரிவு இல்லை. அந்தச் செவ்வாய் போனில் குரல் குதூகலமாக ஒலித்தது:

"சார், மேடத்துக்கு நல்ல முன்னேற்றம்! ஒண்ணு போட்டுட்டாங்க!"

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. மாதக் கடைசியில் கணக்கெடுத்தபோது, அந்த மருத்துவமனையிலேயே மிக மோசமான நிலையிலிருந்து மிக நல்ல நிலைக்கு வந்த நோயாளி அவள்தான் என்று தெரிந்தது. 'ஃபாலோ அப் தின விழா'வில் அவளுக்குப் பரிசு. அழைப்பிதழ் வீட்டுக்கு வந்தது. உறவினர் என்ற முறையில் மகளுக்கும் ஒன்று போயிற்று.

அன்று சாயங்காலம் மகளே கூப்பிட்டாள். அத்தனை மாதத்துக்குப் பிறகு அவள் குரலைக் கேட்டதும், உட்கார்ந்திருந்தவர் எழுந்து நின்றுவிட்டார்.

"அம்மா செத்ததுக்குப் பரிசு வாங்கப் போறீங்களாப்பா?"

"மைக் கொடுப்பாங்களாம்மா. எல்லாரும் இருப்பாங்க. ஏன் கூப்பிடலைன்னு கேக்கலாம்னுதான்..."

அவள் வைத்துவிட்டாள்.

விழா ஒரு திங்கட்கிழமை நடந்தது. பெரிய கூடம், பூச்சாடிகள், வெள்ளைத் துணி போர்த்திய நாற்காலிகள். பெயிண்ட்காரர் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். திரும்பிப் பார்த்தபோது கடைசி வரிசையில் மகள் தெரிந்தாள். அவள் வருவாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. அவள் அவரைப் பார்த்துத் தலையசைக்கவும் இல்லை. சண்டை போடுவதற்காகவே வந்தவள்போல் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பயிற்சியாளர் பேச எழுந்தார். கோட்டும் சூட்டுமாக, சிரித்தபடியே பேசுகிறவர்.

"நண்பர்களே! நான் முதல்ல இங்க வந்தப்ப என்ன பாத்தேன்? எல்லாரும் போன் பேசிக்கிட்டிருந்தாங்க! ஃபாலோ அப்னா என்னன்னு கேட்டேன். ஒருத்தருக்கும் சொல்லத் தெரியல. செஞ்சுக்கிட்டு இருக்காங்க, ஆனா சொல்லத் தெரியல! எவ்வளவு பெரிய ஆபத்து! உடனே ஒரு வாரம் பயிற்சி வச்சோம்."

பின்னாலிருந்த திரையில் ஒரு படம் விழுந்தது. ஊழியர்கள் வரிசையாக நின்று கட்டைவிரலை உயர்த்திக் காட்டிக்கொண்டிருந்தார்கள். தலைக்கு மேலே துணியில் பெரிதாக 'ஃபாலோ அப் வாரம்' என்றும், அதன் கீழே தேதியும் இருந்தன.

அந்தத் தேதி ரிப்போர்ட்டிலும் இருந்ததால் பெயிண்ட்காரருக்குத் தெரியும். கடைசி வரிசையில் இருந்தவளுக்கும் தெரியும். கவுண்டரில் திரையைத் திருப்பிக் காட்டியபோது அவள் மூன்று தடவை படித்த தேதி அது.

"அந்த வாரம் முழுக்க ஒரு தொந்தரவு வரக்கூடாதுன்னு சொல்லிட்டேன்" என்று பயிற்சியாளர் உற்சாகமாகத் தொடர்ந்தார். "துறையில இருந்த எல்லா போனையும் வாங்கி ஒரு கூடையில போட்டு, மேல ஒரு போர்வையைப் போத்திட்டோம். ஒருத்தரும் யாரையும் கூப்பிடல. காலைலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் அர்த்தம், பயன்பாடு, உதாரண வாக்கியம். ஒருத்தர் நோயாளியா நடிப்பார், இன்னொருத்தர் கூப்பிடற மாதிரி நடிப்பார். என்ன அருமையா நடிச்சாங்க தெரியுமா! கடைசி நாள் தேர்வுல எல்லாரும் பாஸ்!"

கைதட்டல்.

"சரி, அந்த வாரம் துறையோட வேலை நின்னுதா? அதான் கிடையாது!" இப்போது துறைத் தலைவர் பெருமை தாங்காமல் எழுந்து மைக்கை வாங்கிக்கொண்டார். "கம்ப்யூட்டருக்கு முன்கூட்டியே சொல்லி வச்சுட்டோம். யார் யாரைக் கூப்பிடணுமோ, அவங்க எல்லார் பேருக்கு நேராவும் 'அழைத்தோம், எடுக்கவில்லை'ன்னு மூணு தடவை தானாவே விழுந்துடும். ஒரு கட்டம் காலியில்ல! நூத்துக்கு நூறு! அந்த வாரம் மாதிரி முழுசா இந்தத் துறை எந்த வாரமும் வேலை செஞ்சதில்ல!"

கூடம் அதிரக் கைதட்டினார்கள். கைதட்டல் ஓய்ந்தபோது பரிசுக்கு மனைவியின் பெயரைக் கூப்பிட்டார்கள். அவர் மேடைக்குப் போனார். வழுவழுப்பான காகிதம் சுற்றிய பெட்டி ஒன்றைக் கொடுத்தார்கள். உள்ளே புதிய போன். இனிமேல் ஓர் அழைப்பும் தவறிப்போகக் கூடாது என்ற அக்கறையாம். மைக்கையும் கொடுத்தார்கள்.

என்ன கேட்க வேண்டும் என்று எத்தனையோ நாள் அந்தக் குலுக்கும் இயந்திரத்தின் முன்னால் நின்று சொல்லிப் பார்த்திருந்தார். இப்போது கேட்க ஒன்றுமில்லை. பதிலைத்தான் கைதட்டிச் சொல்லிவிட்டார்களே. கடைசி வரிசையைப் பார்த்தார். மகள் எழுந்து நின்றிருந்தாள். கட்டியிருந்த கைகள் இப்போது வாயைப் பொத்தியிருந்தன.

"அந்த வாரம் அவ போனை வச்சுக்கிட்டு உக்காந்திருந்தா" என்றார் மைக்கில். "வேற ஒரு வேலையும் பாக்கல. பக்கத்துலயேதான் உக்காந்திருந்தா."

அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. துறைத் தலைவர் மைக்கை வாங்கி, "பாத்தீங்களா! நோயாளிகள் இப்படி ஒத்துழைச்சாத்தான் எங்களால சேவை செய்ய முடியும்!" என்றார். மறுபடியும் கைதட்டினார்கள். மேடையில் நின்ற மனிதர் அழுவதைப் பார்த்துச் சிலர் நெகிழ்ந்துபோய் இன்னும் பலமாகத் தட்டினார்கள்.

மகள் அவரோடு வீட்டுக்கு வந்தாள். கூடத்தில் பிளக் பாயின்ட் அருகே அந்த நாற்காலி அப்படியே கிடந்தது. அவள் அதில் உட்காரப் போய், உட்காராமல், தரையில் உட்கார்ந்து நாற்காலியின் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

"அப்பா, நான் உங்களை..."

"விடும்மா. சாப்பிடு முதல்ல."

"நீங்க சொன்னப்ப நான் நம்பியிருக்கணும்ப்பா."

"எழுதி வச்சிருந்தாங்கல்ல. எழுதி வச்சிருக்கறதைத்தானே யாரும் நம்புவாங்க." அவளைத் தேற்றுவதற்காகச் சொன்னாரா, நிஜமாகவே அப்படித்தான் நினைத்தாரா, தெரியவில்லை. அத்தனை மாதம் நெஞ்சில் ஏற்றி வைத்திருந்த பாறாங்கல் இறங்கியிருந்தது. ஆனால் இறங்கிய இடம் வெறுமையாக இருந்தது. மகள் திரும்பி வந்துவிட்டாள். மனைவி வரப்போவதில்லை.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. பழைய போன் அடித்தது. மகள் முந்திக்கொண்டு எடுத்தாள்.

"வணக்கம். ஃபாலோ அப் துறையிலேர்ந்து பேசறோம். மேடம் இப்ப எப்படி இருக்காங்க?"

மகளுக்குத் திட்டத்தான் வாய் வந்தது. ஆனால் வேறொன்றைச் சொன்னாள்.

"நீங்க ஒரே ஒரு தடவை கூப்பிட்டிருந்தா எங்கம்மா முதல் மணியிலேயே எடுத்திருப்பாங்க."

அந்தப் பக்கம் தட்டச்சுச் சத்தம் நின்றது. பிறகு குரல் இறங்கி, யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல் வந்தது.

"தெரியும் மேடம். நானும் அந்த வாரம் அங்கதான் இருந்தேன். கூடைக்குள்ள போன் அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. எடுத்துப் பேசட்டுமான்னு கேட்டேன். எடுக்கறது ஃபாலோ அப் ஆகாது, கூப்பிடறதுதான் ஃபாலோ அப்னு சொல்லிட்டாங்க." மூச்சை இழுத்துக்கொண்டாள். "அந்தத் தேர்வுல நான்தான் மேடம் முதல் மார்க்."

அந்தப் பக்கம் யாரோ பின்னால் வந்துவிட்டார்கள் போலிருக்கிறது. குரல் பழையபடி உயர்ந்தது. "ரெண்டுன்னு போட்டுக்கறேன் மேடம். அடுத்த செவ்வாய் கூப்பிடறோம். சீக்கிரம் குணமாக வாழ்த்துகள்."

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இந்த நம்பரை இப்பவே பிளாக் பண்றேன்ப்பா. இனிமே கூப்பிடவே மாட்டாங்க" என்று விரலை வைத்தாள்.

"வேண்டாம்மா. இருக்கட்டும்."

"எதுக்குப்பா? இன்னும் எதுக்கு?"

அவர் கொஞ்ச நேரம் சுவரில் இருந்த படத்தைப் பார்த்தார்.

"அவ எப்படி இருக்கான்னு கேக்கறதுக்கு வேற யாரும்மா இருக்காங்க?"

போனை அவள் கையிலிருந்து வாங்கினார். நாற்காலிக்குப் பக்கத்தில் குனிந்து, மனைவி வைக்கும் அதே இடத்தில் சார்ஜில் போட்டார். சார்ஜ் நிறையத்தான் இருந்தது.